குழாய் சாரின் ஒரு வாக்கியம்

கொள்ளிடத்துக்கு வடக்கே, உண்மையைச் சொல்லியே ஒரு ஊரைப் பாடாய்ப் படுத்திய மனிதர் குழாய் சார் ஒருவர்தான். பொய்யர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். அவர்கள் நம் வசதிக்கும் சேர்த்துப் பொய் சொல்வார்கள். குழாய் சார் யார் வசதியையும் பார்த்ததில்லை. ஏழு வருடம் அவரோடு வேலை பார்த்த நான், என் நாட்குறிப்புகளை ஒருமுறை புரட்டிச் சரிபார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

குமராட்சிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. முப்பத்தேழு பிள்ளைகள், இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம். அவர் தலைமையாசிரியர். நான் இன்னொரு ஆசிரியை. சத்துணவுக்கு வளர்மதி. பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில், கிழக்கே வயலைப் பார்த்தபடி ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அந்த ஊரில் அதைக் குழாய் என்பார்கள். காலை வழிபாடு முடிந்ததும், ஒன்பது இருபதுக்கு, அவர் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். ஏதாவது ஒரு பிள்ளை முந்தின நாள் செய்த ஏதாவது ஒரு காரியத்தைப் பற்றிய வாக்கியம். அதனால் அவர் குழாய் சார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை ஊரில் கேட்டால் தபால்காரரே யோசிப்பார்.

முதல் மதிப்பெண், முதல் பரிசு என்பதெல்லாம் குழாயில் வராது. என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பவற்றிலிருந்து சில:

"இரண்டாம் வகுப்பு கவிப்பிரியா, நேற்று பல் விழுந்தபோது அழாமல், அது யாருடைய பல் என்று முதலில் விசாரித்தாள்."

"ஐந்தாம் வகுப்பு தினேஷ், ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவே மூன்று முறை தும்மி, மூன்று முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினான்."

"நான்காம் வகுப்பு ரஞ்சனி, ஓவியப் போட்டியில் தனக்குப் பரிசு கிடைக்காதபோது, பரிசு வாங்கிய படம் தன் படத்தைவிட நன்றாக இருந்தது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்."

அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிடுவார். பாராட்டுக்கள், வாழ்த்துக்கள், ஒரு பலத்த கைத்தட்டு என்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக ஊர் நின்றது. டீக்கடையில் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். ஒன்பது இருபதுக்குப் போகவேண்டிய மினி பஸ், இன்ஜினை அணைத்துவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கும்.

"வண்டிய எட்றா மச்சான், சிதம்பரத்துல டாக்டரு போயிடுவாரு" என்று உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள்.

"டாக்டரு எங்கயும் போமாட்டாரு மாமா. இன்னைக்கி யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டுட்டுப் போலாம்" என்பார் டிரைவர்.

இதனால் விளைந்த கெடுதிகளையும் சொல்லவேண்டும். குழாய் சார் கண்ணில் படும் இடமெல்லாம் பிள்ளைகள் சகிக்கமுடியாத அளவுக்கு நல்லவர்களாகிப் போனார்கள். அவர் மைதானத்தில் இறங்கினால் கீழே கிடக்கும் ஒரு காகிதத்தை எடுக்க ஆறு பேர் பாய்ந்து, இரண்டு பேருக்கு மூக்கில் அடிபடும். முதல் வகுப்பு யோகேஷ், அவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நண்பனைத் தள்ளிவிட்டு, உடனே தூக்கியும் விட்டான். இந்த நடிப்பைச் சகிக்காமல் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சவரக் கண்ணாடி ஒன்றை மேசையில் நிறுத்தி, அதன் வழியாக முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பார். விஷயம் தெரியாத ஊர்க்காரர்கள், "ரிட்டயர் ஆவப்போற வயசுல மனுசனுக்கு மொகத்துல ஆச ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள்.

ஒருமுறை, "மூன்றாம் வகுப்பு சூர்யா, காணாமல் போன ஜாமெட்ரி பாக்ஸைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தான்" என்று சொன்னார். சூர்யாவின் அப்பா அன்று டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் குழாயில் வந்தது இது: "நேற்றுச் சொன்னது தவறு, அந்த ஜாமெட்ரி பாக்ஸை ஒளித்து வைத்ததும் சூர்யாதான்."

அப்பா பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடத்தில் நின்றார்.

"நேத்து சொன்னத இன்னைக்கி வாபஸ் வாங்குறீங்களே சார், எலெக்‌ஷன்ல நிக்குறவன்கூட இப்டிப் பண்ணமாட்டான்."

"நேத்து எனக்குத் தெரியாது. இன்னைக்கித் தெரியும்."

"நான் டீ வாங்கிக் குடுத்துட்டேன் சார்."

"நல்லது."

மூன்றாம் நாள்: "ஜாமெட்ரி பாக்ஸை ஒளித்து வைத்தது தான்தான் என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சூர்யா வந்து சொன்னான்."

அப்பா மறுபடி வந்தார். இந்தமுறை அவர் கோபம் வேறு மாதிரி இருந்தது. "அத நேத்தே சேத்து சொல்லியிருக்கலாம்ல சார்? ஒரு நாள் பூரா எவன் மொகத்துலயும் முழிக்க முடியல."

"ஒரு நாளைக்கி ஒரு வாக்கியம்தான்" என்றார் குழாய் சார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, தன் கண்ணால் பார்த்ததை மட்டுமே சொல்வது. இரண்டு, சொல்வதற்கு முன் என் நாட்குறிப்போடு ஒத்துப் பார்ப்பது. நான் ஆசிரியை ஆன நாளிலிருந்து தினமும் எழுதுகிறவள். மணி அடித்த நேரம், வராத பிள்ளைகள், மழை, சாம்பாரில் இருந்த காய், யார் யாரோடு சண்டை, எத்தனை மணிக்குச் சமாதானம், எல்லாம் அதில் இருக்கும். வேறு எதை எழுதுவது? எழுதுவதற்கு வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை.

ஆகவே தினமும் மாலை ஆறரைக்கு என் போன் அடிக்கும். வணக்கமோ ஹலோவோ இருக்காது.

"வாக்கியம்" என்பார்.

"சொல்லுங்க சார்."

"கவிப்பிரியா தன்னோட முட்டைய நாலு பேருக்குப் பிச்சுக் குடுத்தா."

நான் பக்கத்தைப் பார்ப்பேன். "மூணு பேரு சார். நாலாவது ஆளு தானா எடுத்துக்கிட்டான்."

"நல்லவேள. மூணுன்னு போட்டுக்கறேன்." வைத்துவிடுவார்.

நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறேன். ஞாயிறுதோறும் கடலூர் போய், காலைப் பூசை பார்த்து, அப்பா அம்மா இருந்த வீட்டைத் திறந்து பெருக்கி, மறுபடி பூட்டிவிட்டு வருவேன். பள்ளி முடிந்து அறைக்கு வந்ததிலிருந்து மறுநாள் காலை மினி பஸ் ஏறும் வரை என்னோடு பேசுகிற ஒரே குரல் அந்த ஆறரை மணிக் குரல்தான். சராசரியாக ஒரு நிமிடம் இருபது விநாடி. அதிகபட்சம் நான்கு நிமிடம். அன்று மழை, லைன் சரியில்லை.

ஏன் சரியாக ஆறரை என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த நேரத்துலதான் வூட்ல சொல்லுவேன் டீச்சர், ஸ்கூல்ல நடந்தத. பழகிப்போச்சு."

வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி காலமானபிறகுதான் அவர் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்தார் என்பது பதிவேட்டிலேயே இருந்தது. ஒரே மகள் ஓசூரில். அந்தப் போன் ஒரு நிமிடம் ஐந்து விநாடி.

இனி, தமிழ்ச்செல்விக்கு வருகிறேன்.

குழாய் சாருக்கு மூன்றாவதாக ஒரு விதியும் உண்டு. பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒருமுறையாவது குழாயில் வந்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சொன்ன காரணத்தை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லவும் கூடாது. அது அவருடைய கடைசி ஆண்டு. ஏப்ரலோடு ஓய்வு. பொங்கல் விடுமுறை முடிந்தபோது முப்பத்தாறு பேர் வந்துவிட்டார்கள். யோகேஷ் ஐந்து முறை. மூன்றாம் வகுப்பு தமிழ்ச்செல்வி மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. போன வருடமும் அவள் பெயர் விட்டுப்போயிருந்தது.

அவள் கெட்ட பிள்ளை இல்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால் சுலபம். அவன் ஒருநாள் அடிக்காமல் இருந்தாலே வாக்கியம். இவள் வருவாள், மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருவாள், கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. பதினோரு மணி வாக்கில் தண்ணீர் குடிக்கப் போவாள். திரும்பி வருவாள். அவள் இருந்தால் இடம் நிரம்பியிருப்பது தெரியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் அவள் அம்மா அஞ்சலை வந்தார். கையில் புல் அறுக்கும் அரிவாள். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கெழம லாரி வருது சார். பெண்ணாடம் போறோம், கரும்பு வெட்ட. வர்றதுக்கு நாலு மாசம் ஆவும். பாப்பாவையும் இட்டுக்கினு போறோம், வுட்டுட்டுப் போவ ஆளு இல்ல."

"சரிம்மா."

"அவ பேரு கொழாயில வர்ல சார்."

சார் வருகைப் பதிவேட்டை மூடினார்.

"தெனம் அந்த நேரத்துக்கு வரப்புல நிமுந்து நிப்பேன் சார். பக்கத்துல இருக்கறவ, 'ஒம்பொண்ணு பள்ளிக்கொடம் போறாளா, இல்ல வேற எங்கயாவது போறாளா'ன்னு கேலி பண்றா. நாளைக்கி ஒரு நாளுதான் இருக்குது."

"பாக்கறேன்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வழக்கமாக, முடியும் அல்லது முடியாது.

அன்று ஆறரைக்குப் போன் வந்தது. "வாக்கியம் இல்ல டீச்சர்" என்றார்.

"அமைதியான பொண்ணுன்னு சொல்லிடலாமே சார். பொய் இல்லையே."

"அது நமக்கு இருக்கற வசதி டீச்சர். அவ குணம் இல்ல."

"சார், அந்த அம்மா நாளைக்கி நிப்பாங்க."

"தெரியும்."

"ஏதாவது ஒண்ணு சொன்னா என்ன சார் கொறஞ்சிடும்?"

"சூர்யாவுக்கு வாபஸ் வாங்கினேன். மத்த முப்பத்தாறு பேருக்கும் பாத்துப் பாத்துச் சொன்னேன். இவளுக்கு மட்டும் கைக்கு வந்தத எடுத்துக் குடுக்கவா?"

வைத்துவிட்டார். எனக்குக் கோபம். அதையும் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மினி பஸ் நின்றது. டீக்கடையில் சத்தம் குறைந்தது. வயல் வரப்பில் அஞ்சலை நிமிர்ந்து நிற்பது பள்ளி வாசலிலிருந்தே தெரிந்தது. குழாய் சார் மைக்கை எடுத்தார். சிறிது நேரம் கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "இன்று அறிவிப்பு இல்லை" என்றார்.

ஏழு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. டிரைவர் இறங்கி வந்து, "கரண்டு கட்டா சார்?" என்று கேட்டார்.

அன்று முழுவதும் அவர் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிற்று. வளர்மதி வந்து, "இன்னா சார், கண்ணாடியையே பாத்துக்கினு. சாப்புட வாங்க" என்றாள். அவர் அசையவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் தமிழ்ச்செல்வி வந்தாள், உட்கார்ந்தாள், எழுதினாள், தண்ணீர் குடிக்க எழுந்து போனாள், வந்தாள். நான்கு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் வீட்டைப் பெருக்கிப் பூட்டிவிட்டு மாலைப் பஸ் ஏறினேன். படிக்க வேறொன்றும் இல்லாததால் பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் மாதத்திலிருந்து தமிழ்ச்செல்வியைத் தேடினேன். அவள் வந்த நாட்களில் அவளைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. வராத ஆறு நாட்களில் மட்டுமே அவள் பெயர் இருந்தது. "தமிழ்ச்செல்வி வரவில்லை. காய்ச்சல்." "தமிழ்ச்செல்வி வரவில்லை. மழை." அப்படி ஆறு.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் அந்தப் பக்கங்களின் அடியில் இருந்ததைக் கவனித்தேன். "மாலை 4.05. செருப்பு மாறியதில் பிள்ளைகளிடையே தகராறு." அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். "4.10. செருப்புத் தகராறு. யோகேஷ் அழுகை." ஆறு நாளிலும் இருந்தது. மற்ற எந்த நாளிலும் இல்லை.

எங்கள் பள்ளியில் காலையில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் செருப்பைக் குவியலாகக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். மாலையில் பார்த்தால் எல்லாம் ஜோடி ஜோடியாக, முனை வெளிப்பக்கம் பார்க்க, ஓடிவந்து கால் நுழைத்தால் போதும் என்கிற மாதிரி வரிசையில் இருக்கும். போன ஆகஸ்டில் நானே ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "செருப்புகள் ஒழுங்காக உள்ளன. ஜூன் மாதம் நான் கற்பித்த நல்லொழுக்கப் பாடத்தின் பலன்."

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பஸ்ஸில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது ஆறுதலாக இருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஆறு ஐந்து. சிமெண்ட் பெஞ்சில் குழாய் சார் உட்கார்ந்திருந்தார். கையில் பை இல்லை. எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருக்கிறவர் மாதிரி தெரியவில்லை. தலைக்கு மேலே ஸ்பீக்கரில், விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல டீச்சர். ஞாயித்துக்கெழமன்னா இங்க வந்து உக்காருவேன். இங்கதான் ஓயாம பேசிக்கினே இருக்காங்க."

நாட்குறிப்பைக் கொடுத்தேன். ஆறு பக்கங்களையும் மடித்து அடையாளம் வைத்திருந்தேன். ஆகஸ்டு பக்கத்தையும் சேர்த்தே காட்டினேன். நேர்மை என்றால் அதுவும்தானே. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்.

"தண்ணி குடிக்கப் போறப்ப" என்றார் மெதுவாக. "கண்ணாடியில தாழ்வாரம் தெரியாது டீச்சர். சுவரு மறைக்கும்."

"இப்ப சொல்லிடலாம்ல சார்?"

"நாம யாரும் பாக்கல."

"அவ போயிட்டா சார். இனிமே எப்டிப் பாக்கறது?"

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அது மறுபடியும் பெண்ணாடம் என்றது. "அவ இல்லாததப் பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை நாற்காலியைத் தாழ்வாரத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். காலையில் செருப்புகள் குவிந்தன. பதினோரு மணிக்கும் குவியல். மதியமும் குவியல். நான்கு மணிக்கு மணி அடித்ததும் முப்பத்தாறு பேரும் அதன்மேல் விழுந்தார்கள்.

"டேய் அது என்துடா."

"ஒன்துல வாரு அந்துருக்கும், பாரு."

"சார், இவன் என் காலயே மிதிக்கிறான் சார்."

தலைமையாசிரியர் நடுவில் உட்கார்ந்து, யாரையும் அதட்டாமல், நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம் நடந்தது. கவிப்பிரியா செருப்பில்லாமல் போனாள். யோகேஷ் இரண்டு இடது கால் செருப்போடு வீட்டுக்குப் போனான். எல்லோரும் போனபிறகு குழாய் சார் எழுந்தார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் பார்த்ததில்லை. "பாத்துட்டேன் டீச்சர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது அவர் மொட்டை மாடியில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வளர்மதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் சார் திருப்புறீங்க?"

"மேக்க."

"மேக்க யாரு சார் இருக்கா? வெறும் கருவேலங்காடு."

"பெண்ணாடம் இருக்குதுல்ல."

வளர்மதி என்னைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். "அது அம்பது அறுவது கிலோமீட்டர் இருக்குமே சார். கேக்குமா?"

"கேக்காது" என்றார் குழாய் சார், கம்பியை முறுக்கிக்கொண்டே.

ஒன்பது இருபதுக்கு, கருவேலங்காட்டைப் பார்த்துக் குழாய் பேசியது. "மூன்றாம் வகுப்பு தமிழ்ச்செல்வி, பள்ளிக்கு வந்த ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையில் வைத்தாள் என்பதை, அவள் வராத நேற்றுத்தான் தெரிந்துகொண்டோம்."

வயலில் அன்று நிமிர்ந்து நிற்க யாரும் இல்லை. டீக்கடைக்காரர்கள் தங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று புகார் சொன்னார்கள். மறுநாள் அவர் குழாயைப் பழையபடி கிழக்கே திருப்பிவிட்டார்.

ஏப்ரல் கடைசி வேலை நாள் வந்தது. அதற்கு முந்தின மாலை ஆறரைக்குப் போன் அடித்தது. "நாளைக்கி வாக்கியம் எல்லாப் புள்ளைங்களுக்கும் சேத்து எழுதலாம்னு பாத்தேன் டீச்சர். சரியா வர்ல. வழக்கம்போல யாராவது ஒருத்தரப் பத்தியே சொல்லிடறேன்" என்றார். சொன்னார். ஓசூரிலிருந்து மகள் வந்து, ஒரு பெட்டியோடு அவரை அழைத்துப் போனாள். போகும்போது சவரக் கண்ணாடியை என் மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வந்தா இன்னொரு தடவ சொல்லுங்க. அவளும் கேக்கல, அவ அம்மாவும் கேக்கல" என்றார்.

மே மாதம் முழுவதும் ஆறரைக்கு நான் போனைப் பார்த்தேன். நாட்குறிப்பில் ஒரு மாதத்துக்குமேல் தொடர்ந்து "குறிப்பிடும்படி ஒன்றுமில்லை" என்று இருக்கிறது.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாம் வாரம் தமிழ்ச்செல்வி வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். கையில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரம் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்தேன். பதினொன்று பத்துக்கு அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு குவியலின் முன் குந்தி உட்கார்ந்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு ஜோடியாகத் தேடிச் சேர்த்தாள். வளர்மதியின் ரப்பர் செருப்பையும் எடுத்து வைத்தாள். வாசற்படியருகே கிடந்த என் செருப்பை எடுத்து, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

நான் செருப்பை உள்பக்கம் பார்க்கத்தான் கழற்றுவேன். மாலையில் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். சாம்பாரில் போட்ட காயை எழுதி வைத்தவள், இதை ஒருநாளும் பார்க்கவில்லை.

அன்று மாலை ஆறரைக்கு ஓசூருக்கு நான் போன் செய்தேன். ஏழு வருடத்தில் நான் அவரை அழைத்தது அதுவே முதல் முறை. பின்னால் டி.வி. சத்தம், பிள்ளைகள் சத்தம்.

"ஹலோ" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"வாக்கியம்" என்றேன்.

டி.வி. சத்தம் தூரமாயிற்று. அவர் வேறு அறைக்குப் போயிருக்கவேண்டும். "சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன்.

"'எல்லாருடைய செருப்பையும்'னு இருக்கு. வளர்மதியோடதையுமா?"

"ஆமா சார். பாத்தேன்."

"ஒங்களோடதயும்?"

"ஆமா சார்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். சௌக்கியமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் மைக்கை நான் பிடித்தேன். வகுப்பில் முப்பது வருடம் கத்தியவளுக்கு, ஒரு வயல்வெளியைப் பார்த்துப் பேச வரவில்லை. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "நான்காம் வகுப்பு தமிழ்ச்செல்வி, எல்லாருடைய செருப்பையும் அவரவர் கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைக்கிறாள், என்னுடையதையும்." அணைத்துவிட்டேன்.

வழிபாட்டு வரிசையில் தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற யோகேஷ், "அது நீயா?" என்று கேட்டான். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. வரப்பில் அஞ்சலை நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொன்னாள். வாசலில் மினி பஸ் கிளம்பிப் போனபிறகும் அஞ்சலை அப்படியே நின்றிருந்தார். பிறகு குனிந்து புல் அறுக்கத் தொடங்கினார்.

அன்று மாலை ஆறரைக்குப் போன் அடித்தது.

"கேட்டாங்களா?"

"நிமுந்து நின்னாங்க சார். மினி பஸ் போனப்புறமும் நின்னாங்க."

"ம்." டி.வி. சத்தம் இல்லை. முன்னாலேயே வேறு அறைக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. "சரி. நாளைக்கி யாரு டீச்சர்?"

நாளைக்கு யார் என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. நாட்குறிப்பைப் புரட்டி, யோகேஷுக்கு இரண்டு, ரஞ்சனியின் தம்பிக்கு ஒன்று என்று மூன்று வாக்கியங்கள் சொன்னேன். மூன்றிலும் அவர் குறை கண்டுபிடித்தார். ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆயிற்று. அன்று மழையும் இல்லை, லைனும் சரியாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் ஆறேகாலுக்குள் டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.